எலும்புக்கு இனமில்லையாம்!

"எலும்புக்கு இனமில்லை. தசைக்கு மதமில்லை. நரம்புக்கு மொழி தெரியாது."

அண்மையில் கொழும்பில் நடந்த ஒரு கருத்தரங்கிலே, சுகாதாரத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற ஒருவர் இவ்வாறு முழங்கினார். இயன்மருத்துவம் (தமிழகத்தார் இயன்முறை மருத்துவம் என்பர்) பயிலும் மாணவர்களுக்கு நோயாளரின் மொழி, மதம், வாழ்க்கைமுறை பற்றியும் கற்பிக்க வேண்டாமா என்று ஓர் இளம்பெண் எழுந்து கேட்டதற்கு அவர் அளித்த பதில் அது. மண்டபம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்த தமிழ் வைத்தியர்கள் இருவரும் கைதட்டினர். கேள்வி கேட்ட பெண் உட்கார்ந்துவிட்டார்.

கேட்பதற்கு இனிய வாசகந்தான். இன நல்லிணக்கம் ஒழுகும் வாசகம். ஆனால் அது பொய். எலும்புக்கு இனமில்லை என்பது உண்மையே. ஆயினும் முறிந்த எலும்புக்குரிய மனிதரிடம், "இந்தக் காலை இப்படி வை, அப்படி வைக்காதே" என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். எந்த மொழியில் சொல்வது? அறுவைச் சிகிச்சை நோயாளி மயங்கிக் கிடக்கையில் நடந்துவிடும். அங்கே வைத்தியரின் கைதான் வேலை செய்கிறது. இயன்மருத்துவத்திலே வேலை செய்ய வேண்டியவர் நோயாளிதான். வைத்தியர் சொல்ல, நோயாளி செய்ய, நோயாளி சொல்ல, வைத்தியர் திருத்த, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நடக்கின்ற ஓர் உரையாடல் அது. உரையாடல் அறுந்தால் சிகிச்சையும் அறுந்தது.

2010ஆம் ஆண்டில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தெற்கிலுள்ள ஒரு வைத்தியசாலை. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண், வயது நாற்பது இருக்கும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலது கால் அகற்றப்பட்டிருந்தது. கணவர் யுத்தத்தின் இறுதி மாதங்களில் இறந்துபோனார். வேறொரு நோயாளியைப் பார்க்கச் சென்ற நான், தமிழ்க்குரல் கேட்டு அவருடைய கட்டிலருகே நின்றேன். கட்டிலின் தலைமாட்டுச் சீட்டில் ஆங்கிலத்திலே, "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்ற பொருள்பட ஒரு குறிப்பு. அதற்குக் கீழே மற்றொரு நாளின் திகதியில் அதே குறிப்பு. பின்னர் மீண்டும்.

எதற்கு ஒத்துழைக்க மறுத்தார்? இளைஞரான ஓர் ஆண் சிகிச்சையாளர் வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். இவருக்கு விளங்கவில்லை. அவர் சைகையால் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார். திரை இல்லை. எதிர்க் கட்டில்களுக்குப் பார்வையாளர்கள் வந்துபோகும் நேரம். சீருடை அணிந்த ஆண்களைக் கண்டாலே உடல் நடுங்கும் நிலையில் அக்காலத்தில் அந்தப் பெண் இருந்தார். யாரென்று தெரியாத ஓர் ஆண், தெரியாத மொழியில், குப்புறப் படு என்கிறார். இவர் சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்பதன் வரலாறு இவ்வளவுதான்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கெட்டவரல்லர். கற்றதைச் செய்ய வந்தவர். கால் அகற்றப்பட்டவர் நாளும் சிறிது நேரம் குப்புறப் படுப்பதும், எஞ்சிய காலை நீட்டி வைத்திருப்பதும் அவசியம். இல்லாவிடில் மூட்டு மடிந்தபடியே இறுகிவிடும். மடிந்து இறுகிய முழங்காலுக்குச் செயற்கைக் கால் பூட்டுவது மிகக் கடினம். இதை அவர் அறிவார். அந்தப் பெண் அறியார். வலி குறைவதற்காக முழங்காலின் கீழே ஒரு தலையணையை மடித்து வைத்துக்கொண்டு, இரவும் பகலும் அப்படியே கிடந்தார். அது இதமாக இருந்தது. செய்யவே கூடாத காரியமும் அதுதான்.

"முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள்." நான்கே நான்கு தமிழ்ச் சொற்கள். அவற்றைச் சொல்ல அந்த விடுதியில் ஒருவருமில்லை. சரியாகச் சொன்னால், ஒருவர் இருந்தார். வத்தளைப் பக்கத்தைச் சேர்ந்த சிங்களச் சிற்றூழியர் ஒருவர். தமிழ் அயலவர்களோடு வளர்ந்ததால் கொச்சையாகத் தமிழ் பேசுவார். தரை துடைக்க வரும்போது அந்தப் பெண்ணிடம் "சாப்பிட்டதா அக்கா?" என்று கேட்பார். அந்தக் கட்டிடத்திலே அவளை நோக்கி வந்த ஒரே கேள்வி அதுதான். அவரை அழைத்து மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. துடைப்பம் பிடிப்பவருக்கு மொழி தெரிந்திருந்தால் அது தகைமையாகாது போலும்.

மூட்டு இறுகியது. துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்துவது பல மாதங்கள் பின்தள்ளிப்போயிற்று.

"இது யுத்தம் முடிந்த காலத்து நெருக்கடி, இப்போது அப்படியில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். நெருக்கடி தணிந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேற்சொன்ன பெருமகனார் கைதட்டல் பெற்றது 2010இல் அல்லவே. இன்றைக்கு.

மொழி என்பது வெறும் மரியாதை விடயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். தசையின் வலுவை 0 முதல் 5 வரை புள்ளியிட்டு அளப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஈர்ப்பு விசையை எதிர்த்துக் காலைத் தூக்கினால் 3. சிகிச்சையாளர் கையால் அழுத்தும்போது அதையும் எதிர்த்து நின்றால் 4 அல்லது 5. ஆகவே சிகிச்சையாளர், "நான் அழுத்துவேன், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டும். அது விளங்காத நோயாளி என்ன செய்வார்? வைத்தியர் கையை வைத்து அழுத்தினால், "காலை இறக்கச் சொல்கிறார்" என்று எண்ணி மரியாதையாக இறக்கிவிடுவார். புள்ளி 3. ஆரோக்கியமான தசை பலவீனமான தசையாகப் பதியப்படும். பயிற்சித் திட்டம் அந்தப் பொய்யின் மேல் எழும். நரம்புக்கு மொழி தெரியாது என்றாரே, நரம்பைச் சோதிக்கும் முறைக்கு மொழி தெரிந்தாக வேண்டும் ஐயா!

நோவின் கதை இன்னும் சிக்கலானது. "ரிதெனவத?" என்று கேட்டால், நோகிறதா என்று கேட்கிறார் என்பதை ஊகித்துத் தலையாட்டலாம். ஆனால் எப்படி நோகிறது? குத்துகிறதா, உளைகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, விறைக்கிறதா, வலித்து இழுக்கிறதா? இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு. எரிவும் விறைப்பும் நரம்பைச் சுட்டலாம். உளைவு மூட்டையோ தசையையோ சுட்டலாம். இந்த வேறுபாட்டிலேதான் சிகிச்சையின் திசை இருக்கிறது. தலையாட்டலில் அது எப்படித் தெரியும்? வெட்டியகற்றப்பட்ட கால் இன்னும் கடிக்கிறது, விரல் முறுக்குகிறது என்று நோயாளி சொல்லும்போது, அரைகுறையாக மொழிபெயர்ப்பவர் அதைப் பைத்தியம் என்று சிரித்துக் கடந்துவிடுவார். இல்லாத உறுப்பில் வலி வருவது 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியம் பெயரிட்டுப் பதிந்துவைத்த ஒன்று.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதை இலங்கையின் நோய் என்று எண்ணி ஆறுதலடைய வேண்டாம். இலண்டனில் வசிக்கும் என் நண்பரின் தாயார், கரவெட்டிக்காரர், பாரிசவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்து ஒரு வைத்தியசாலையில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார். அவர் தமிழகத்தவர். அம்மா, "நாரி நோகுது" என்றார். தொலைபேசியில் நீண்ட மௌனம். தமிழ் இலக்கியம் கற்ற மொழிபெயர்ப்பாளராக இருந்திருந்தால், எந்தப் பெண்ணுக்கு நோகிறது என்று கேட்டிருப்பார்! நாரி என்றால் எங்களுக்கு இடுப்பின் பின்புறம் என்பதை அவர் அறியார். அடுத்தமுறை மொழிபெயர்ப்பாளரை அழைக்காமல் மருமகளை வைத்தே பேசினார்கள். சிறுநீர் அடக்க முடிகிறதா என்று மருமகள் மூலம் மாமியாரிடம் கேட்டார்கள். "ஒரு பிரச்சினையுமில்லை" என்றார் அம்மா. வேறென்ன சொல்வார்? குடும்பத்தவரை மொழிபெயர்ப்பாளராக்குவது சிக்கனந்தான். அந்தச் சிக்கனத்துக்குரிய விலையை நோயாளி ஈரத் துணியோடு செலுத்துகிறார்.

அதே அம்மாவை வீட்டுக்கு அனுப்பலாமா என்று தீர்மானிக்கச் சமையலறைச் சோதனை ஒன்று வைத்தார்கள். பாணை வாட்டி, வெண்ணெய் பூசி, தேநீர் ஊற்ற வேண்டும். எழுபத்துநான்கு வயதில் முதன்முதலாக அந்தப் பாண் வாட்டும் பெட்டியின் விசையைத் தேடிய அவர் தடுமாறினார். "திட்டமிடும் ஆற்றல் குறைவு" என்று எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகள் நாளுக்குப் பத்துப்பேருக்குச் சமைத்த மனுஷி!

இதிலே வியப்பில்லை. அன்றாடச் செயல்களில் நோயாளியின் சுயாதீனத்தை அளக்க இன்றும் உலகெங்கும் பயன்படும் பார்தல் அளவுகோல், 1965இல் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் ஆக்கப்பட்டது. பத்துச் செயல்கள், நூறு புள்ளிகள். நல்ல கருவி, எளியது, அதனால்தான் நிலைத்தது. ஆனால் உணவு உண்ணுதல் என்ற பகுதியில் அது எண்ணிப் பார்ப்பது உணவை வெட்டுவதையும் வெண்ணெய் பூசுவதையும். உடுத்தலில் பொத்தானும் சப்பாத்து நாடாவும். இடம் மாறுதலில் கட்டிலிலிருந்து கதிரைக்கு. நிலத்தில் இருந்து எழும்புவதற்கு அங்கே ஒரு புள்ளியும் இல்லை. குந்தியிருப்பதற்கு இல்லை. கிணற்றில் வாளி விட்டு அள்ளுவதற்கு இல்லை. சேலை கட்டுவதற்கு இல்லை. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைப்பதற்கு இல்லை. மேரிலண்டில் அவை தேவைப்படவில்லை. எழுதியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அறுபது ஆண்டுகளாக அதை அப்படியே நிழற்பிரதி எடுத்து முல்லைத்தீவுக் குடிசைக்குள் கொண்டுபோகிறவர்களைத்தான் கேட்கிறேன்: நூற்றுக்கு நூறு வாங்கிய அந்த மனிதர் நாளைக் காலை எங்கே மலங்கழிப்பார் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

ஒருவர் கேட்டார். அதனால்தான் நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் பிறந்த கதையை இங்கே சொல்லாமல் இந்த வாதம் முழுமையாகாது.

1960களில் ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் வைத்தியசாலையில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணராயிருந்த பி. கே. சேத்தி ஒன்றைக் கவனித்தார். மேலைத்தேயப் பாணியில் செய்து கொடுக்கப்பட்ட செயற்கைக் கால்களை நோயாளிகள் கொஞ்ச நாளில் மூலையில் எறிந்துவிட்டு, மீண்டும் ஊன்றுகோலோடு வந்தார்கள். அந்தக் கால்களில் குறையேதும் இல்லை. நன்றாகச் செய்யப்பட்டவை. ஆனால் அவற்றுக்குச் சப்பாத்து அணிய வேண்டும். கணுக்கால் மடியாது. ஆகவே குந்த முடியாது, சம்மணமிட முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. சப்பாத்தைக் கழற்ற முடியாததால் கோயிலுக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் போக முடியாது. உழவனைக் கதிரையில் இருத்திவைக்கும் கால் அது. அங்கேயும் யாரோ ஒருவர், "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே வைத்தியசாலையில் கைவினை கற்பித்துவந்த ராம் சந்திர சர்மா என்பவர், பெரிய படிப்பு எதுவுமில்லாதவர், சேத்தி முதலிய வைத்தியர்களோடு சேர்ந்து இறப்பரிலும் மரத்திலும் ஒரு பாதத்தைச் செய்தார். ரயர் வார்க்கும் முறையே அதற்கு அடிப்படை. 1968இல் ஜெய்ப்பூர் கால் வெளிவந்தது. பாதம் எல்லாப் பக்கமும் மடியும். விரல்கள் தெரியும். நிறமும் நம்முடைய நிறம். வெறுங்காலோடு நடக்கலாம், நனையலாம், குந்தலாம். 1981இல் மக்சேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயரைச் சொன்னால் இன்றும் பலர் யாரென்று கேட்பர். துடைப்பம் பிடித்த வத்தளைக்காரரின் கதைதான் இங்கேயும்.

1980களில் அந்தக் கால் இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. வன்னியில் வெண்புறா நிறுவனம் பொருளாதாரத் தடைக்குள்ளும் கால்களைச் செய்துகொடுத்தது. ஜெய்ப்பூர் கால் குறையற்றது என்று நான் கூறவில்லை. கையால் செய்வதால் தரம் ஒருபோலிராது, பாரமும் கூடுதல். அதன் தொழில்நுட்பத்தைவிட அது பிறப்பதற்குக் காரணமான கேள்விதான் எனக்கு முக்கியம். எலும்புக்கு இனமில்லை என்று சேத்தியும் கைகழுவியிருந்தால், இன்றைக்கும் எங்கள் மிதிவெடிக்காரர்கள் ஊன்றுகோலோடு நின்றிருப்பார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சுருக்கமாகவே, ஏனெனில் சட்டத்தில் குறைவில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தோடு, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் அரச உத்தியோகத்தருடன் தமிழில் கருமமாற்றும் உரிமை குடிமகனுக்கு உறுதியாயிற்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கென 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. மிதிவெடித் தடைச் சமவாயத்தில் 2017இல் இணைந்தது. ஆகவே வைத்தியசாலையில் தமிழ் கேட்பது சலுகை கேட்பதன்று.

சட்டம் எட்டாத ஓர் இடமும் உண்டு. "புனர்வாழ்வு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஊனமுற்றவரை மீளச் செயற்படவைக்கும் சிகிச்சைக்கும் எங்கள் அரசாங்கத் தமிழில் அதுதான் பெயர். 2009இன் பின்னர் முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேரைத் தடுத்துவைத்த முகாம்களுக்கும் அதுதான் பெயர். அந்த முகாமிலிருந்து வந்த, ஒரு கையில்லாத இளைஞனிடம் போய், "தம்பி, உமக்குப் புனர்வாழ்வு தேவை" என்று ஒரு வைத்தியர் சொன்னால் அவன் என்ன செய்வான்? அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டான். நான் அறிந்த ஒருவன் வரவில்லை. வைத்தியர் எவ்வளவு நல்லவராயினும், அந்தச் சொல் அவனுடைய உடலில் என்ன செய்யும் என்பதை அறியாதவரை அவருடைய நன்மை பயன்படாது.

சிங்களவர்கள் மீதும் வெள்ளையர்கள் மீதும் குற்றத்தைச் சுமத்திவிட்டு நாம் தப்பிக்க முடியாது. வடக்கிலே தமிழ்ச் சிகிச்சையாளர் ஒருவர், முஸ்லிம் பெண் ஒருவர் பெண் சிகிச்சையாளரைக் கேட்டபோது, "இவைக்கு எப்பவும் ஒரு தனிச்சட்டம்" என்று முணுமுணுத்ததை என் காதாலேயே கேட்டேன். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் திரும்பிவந்த சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை சுமந்து முள்ளந்தண்டு தேய்ந்த மலையகப் பெண்ணிடம், "பாரம் தூக்காமல் ஆறு மாதம் ஓய்வெடும்" என்று அறிவுரை சொல்வதும் தமிழில்தான் நடக்கிறது. நாட்கூலியை யார் கொடுப்பது? மொழி ஒன்றாயிருந்தும் வாழ்க்கை விளங்கவில்லை.

புலம்பெயர்ந்தோரும் கேட்க வேண்டும். ஊருக்கு விலையுயர்ந்த நவீனக் கால் ஒன்றை அனுப்பிப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். நல்ல மனந்தான். வன்னி மணலில் அது எத்தனை மாதம் ஓடும், பழுதானால் எங்கே திருத்துவது, அதைப் பூட்டிக்கொண்டு அவர் குந்தலாமா என்று கேட்டீர்களா?

இன்னுமொரு வகையினர் உளர். இவர்கள் பண்பாட்டைப் படித்தவர்கள். "தமிழ்க் குடும்பங்கள் முதியோரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும், ஆகவே இவருக்குத் தானே குளிக்கப் பழக்க வேண்டியதில்லை" என்று முடிவெடுப்பவர்கள். "முஸ்லிம் பெண்தானே, வெளியே நடக்கத் தேவையில்லை" என்பவர்கள். இது எலும்புக்கு இனமில்லை என்பதைவிடக் கொடியது. நான் கேட்பது இனத்துக்கொரு சிகிச்சையை அல்ல. இந்த மனிதர் எங்கே உறங்குகிறார், எங்கே குளிக்கிறார், எந்தக் கையால் உண்கிறார், யார் முன்னிலையில் உடையைத் தளர்த்துவார், மீண்டும் எதைச் செய்ய ஏங்குகிறார் என்று அவரிடமே கேட்பதை. வலக்கை விழுந்தவருக்கு இடக்கையால் உண்ணப் பழக்குகிறீர்கள். சரி. சபையில் இடக்கையால் உண்ணக் கூசி, சிலர் அரைவயிறாய் எழுந்துபோகிறார்கள். சிலருக்கு அதில் கூச்சமே இல்லை. இவர் எந்த வகை என்பதை இனப்பட்டியல் சொல்லாது.

இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. விடுதிதோறும் கடமையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் வரும்வரை, பயிற்சிக்குரிய ஐம்பது அறுபது கட்டளைகளை இரு மொழியிலும் எழுதிய ஓர் அட்டை போதும். ஒரு திரைச்சீலை. பெண் நோயாளர் கேட்டால் பெண் சிகிச்சையாளர், அல்லது அருகில் ஒரு தாதி. மாணவர்களின் பாடத்திட்டத்தில் இரண்டாம் மொழி, அதுவும் வைத்தியசாலையில் பேசும் மொழி. மாத இறுதியில் "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்ற குறிப்புகளையெல்லாம் எடுத்து, அந்த நோயாளிகளின் தாய்மொழி என்னவென்று எண்ணிப் பார்க்கும் ஒரு பொறுப்பதிகாரி. கருத்தரங்கில் கேள்வி கேட்ட இளம்பெண் இந்தக் கட்டுரையைப் படித்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கருத்தரங்கிலும் எழுந்து கேளுங்கள்.

முல்லைத்தீவுப் பெண்ணை நான் மறுபடி கண்டது யாழ்ப்பாணத்தில், செயற்கைக் கால் செய்யும் ஓரிடத்தில். இறுகிய மூட்டை மாதக்கணக்கில் நீட்டி எடுத்திருந்தார்கள். எல்லாம் தமிழிலேயே நடந்தது. புதிய காலைப் பூட்டி, இரு கம்பிகளுக்கிடையே நான்கு முறை நடந்து பார்த்தார். நோகுதா என்று கேட்டதற்கு இல்லையென்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பூட்டிவிட்ட தொழினுட்பவியலாளரிடம், "தம்பி, உதோட கோயிலுக்குள்ள போகலாமோ?" என்று கேட்டார்.

அவர் குனிந்து, தம்முடைய காற்சட்டையின் இடது காலைச் சற்று மேலே உயர்த்திக் காட்டினார். "நான் ஒவ்வொரு வெள்ளியும் நல்லூருக்கு உதோடதான் அக்கா போறனான்."